மயிலக்கா வீட்டு வாசல் குழாய்

இதை எனக்குச் சொன்னவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல என்று முதல் வருடம் நினைத்தேன். சொல்லக்கூடியவர்தான் என்று அடுத்த சில வருடங்கள் நினைத்தேன். பிறகு, பொய்யோ மெய்யோ, இதை ஏன் என்னிடம் சொன்னார் என்று நினைக்க ஆரம்பித்தேன், அன்றோடு நிம்மதி போயிற்று. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மதுரையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அச்சில் இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை நம்பிவிடக் கூடாது என்று பழகிய கண்கள். அப்படிப்பட்டவன், ஆஸ்பத்திரி பெஞ்சில் கேட்ட ஒரு கதையைத் திருத்தவும் முடியாமல் அடித்துவிடவும் முடியாமல் இத்தனை வருடங்கள் வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பித்தப்பையை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டுப் போக வந்திருந்தேன். டாக்டர் தியேட்டருக்குள் இருந்தார். இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் வயர்கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா என் பக்கம் திரும்பி, எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல், "எடுத்தாச்சா, எடுக்கணுமா?" என்றார்.

"எடுத்தாச்சு."

"வயிறு போகுதா?"

முன்பின் தெரியாதவர் கேட்கிற கேள்வியா இது என்று கூசினேன். ஆனால் தெரிந்தவர் யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. "சாப்பிட்ட உடனே," என்றேன்.

"எண்ணெய் பட்டா?"

"ஆமா."

"காலையில எந்திரிச்சா வாயெல்லாம் கசந்து கெடக்கும்."

"ஆமாம்மா."

"எனக்கு எட்டு வருசமா, சார்," என்றார், அசலூரில் சொந்த ஊர்க்காரனைக் கண்டுவிட்டவர்போல முகம் மலர்ந்து. பிறகு சொல்லத் தொடங்கினார்.

அவர் பெயர் அன்னமயில். சாயல்குடிக்கு மேற்கே, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூர். அதில் செக்கடித் தெரு. செக்கு எப்போதோ போய்விட்டது, பெயர் போகவில்லை. தெருவில் எல்லாருக்கும் அவர் மயிலக்கா, அதனால் நானும் இனி அப்படியே சொல்கிறேன். கணவர் செத்த பிறகு முறுக்கும் சீவலும் சுட்டு விற்று, மகள் மேகலாவை வளர்த்துத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் எண்ணெய்ச் சட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுக்குப் போய்த் தோளுக்கு ஏற, முறுக்குக் குழலைப் பிடித்த கையோடு சாய்ந்தார். மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். பை நிறையக் கல் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். எடுத்த கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக் குருவம்மாள் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "துவரம்பருப்பு மாதிரில்ல இருக்கு, இதையா சொமந்துக்கிட்டு இத்தன வருசம் முறுக்குச் சுட்டே" என்றாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் சொன்னதை மயிலக்கா எனக்கு அப்படியே ஒப்பித்தார். "பை இல்லேன்னா ஒண்ணும் ஆகாதும்மா. பித்தநீரைச் சுரக்கிறது கல்லீரல். அது சுரந்துக்கிட்டேதான் இருக்கும். முன்னாடி பையில சேத்து வச்சு, நீங்க சாப்பிடுற நேரம் பாத்து எறக்கும். இனி சேத்து வைக்க எடம் இல்ல. வேணுங்கிறப்பவும் வேணாங்கிறப்பவும் சொட்டுச் சொட்டா எறங்கிக்கிட்டே இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்." மயிலக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அவ்வளவுதான் வித்தியாசம் என்பதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். ஊர் வந்து, தெருவுக்குள் நுழைந்து, வாசல் பூட்டைத் திறந்தபோது, வாசலுக்கு எதிரே இருந்த தெருக்குழாய் சொட்ட ஆரம்பித்தது.

அந்தக் குழாயை ஊரே மறந்திருந்தது. ஒரு காலத்தில் அதில் வாரத்துக்கு ஒருமுறை காற்றும் தண்ணீருமாகக் கலந்து வரும். பிறகு காற்று மட்டும் வந்தது. பிறகு அதுவும் வராமல், யாரோ அதன் வாயில் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டுப் போனார்கள். தெருவுக்கு லாரியில்தான் தண்ணீர். இப்போது அந்தத் துணி நனைந்து, கனத்து, தானாகக் கீழே விழுந்தது. சொட்டு, அதற்குப் பின் ஒரு சொட்டு, பிறகு சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் தையல் நூல்போல ஒரு தாரை, அதற்குமேல் கூடவும் இல்லை குறையவும் இல்லை, வெயிலிலும் வந்தது, விடிவதற்கு முன்னும் வந்தது, குடம் வைத்தாலும் வந்தது வைக்காவிட்டாலும் வந்தது. எலுமிச்சைத் தோலின் நிறம். குருவம்மாள்தான் முதலில் கை ஏந்திக் குடித்தாள், குடித்துவிட்டுத் துப்பினாள்.

"அய்யே, கசக்குது."

கசந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான் என்று தெரிந்த ஊர் அது. முதல் வாரம் துணி துவைத்தார்கள். இரண்டாம் வாரம் பாத்திரம் கழுவியபோது, எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பலகாரச் சட்டி, சோப்பும் வேண்டாமல் சாம்பலும் வேண்டாமல், அந்தத் தண்ணீரைக் கண்டதுமே பிசுக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளபளத்தது. மூன்றாம் வாரம் உலை வைத்தார்கள். கொதித்தால் கசப்புப் பாதி போய்விடுகிறது, மீதிப் பாதி நாக்குக்குப் பழகிவிடுகிறது. கொஞ்ச நாளில் அசலூருக்குப் போய்த் தண்ணீர் குடித்தவர்கள், "என்னடா இது, சப்புன்னு இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

வார்டு மெம்பர் தவசி பொறுப்பானவர். எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பார்க்க பிளம்பர் சூசையைக் கூப்பிட்டுத் தோண்டச் சொன்னார். சூசை இடுப்பளவு தோண்டிவிட்டுக் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, கீழ பைப்பே இல்லண்ணே."

"இல்லன்னா?"

"ரோடு போட்டப்பவே வெட்டிட்டாங்கெ. இந்தா, முழ நீளம்தான் குழாய் மண்ணுக்குள்ள நிக்கிது. அடியில ஒண்ணும் கெடையாது."

தவசி குழிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒன்றும் கிடையாது. மேலே நூல்போல வந்துகொண்டிருந்தது. "மண்ணைத் தள்ளி மூடு," என்றார். "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத." சாயங்காலத்துக்குள் தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

அது மயிலக்காவோடு சேர்ந்தது என்பது, அவர் மறுபரிசோதனைக்கு மதுரைக்கு வந்த அன்று தெரிந்தது. பஸ் ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் குழாய் நின்றது. பொழுது சாய அவர் திரும்பி வந்த பஸ் பாலத்தில் ஏறியதும் வந்தது. சிறியவர்களுக்குக்கூட விளக்க வேண்டியிருக்கவில்லை. பை இல்லாத உடம்பு, சேர்த்து வைக்கத் தெரியாத உடம்பு, உள்ளே சொட்டுகிறது போக மிச்சம் வெளியே சொட்டுகிறது என்று குருவம்மாள் சொன்னாள், சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். குடங்கள் வரிசையில் நின்றன. நீலக் குடம் யாருடையது, கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு சீரியலை விளம்பரத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டு வரலாம்.

"ஏய், எவடி என் கொடத்தைப் பின்னால தள்ளுனது?"

"நான் தள்ளல, ஒன் மாமியா தள்ளுனா, போய் அவகிட்ட கேளு."

"எங்கத்தை நடக்கவே மாட்டா, கொடத்தைத் தள்ளுவாளாக்கும்!"

இதெல்லாம் மயிலக்கா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். வாசலில் எப்போதும் ஆள் இருந்தது. ஒரு காலத்தில் முறுக்குக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. தெருவில் விருந்துகள் பெருத்தன. கிடாய்க் கொழுப்பு மிதக்கிற குழம்பைக் குடித்துவிட்டு, ஒரு செம்பு கசப்புத் தண்ணீரைக் குடித்தால் ஏப்பம்கூட வருவதில்லை. எவ்வளவு எண்ணெய் சாப்பிட்டாலும் அந்தத் தெரு செரித்தது. அந்த எண்ணெயில் ஒரு சொட்டுக்கூடச் செரிக்காத ஒரே உடம்பு மயிலக்காவுடையது. கஞ்சி, தெளிவாக வடித்த ரசம், அரை இட்லி, பிறகு கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அரை இட்லி. அதையும் கொல்லைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டதும் ஓட வேண்டும்.

ஆரம்பத்தில் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் வேறு எதைக் கேட்பது?

"மயிலக்கா, சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டேன்த்தா, அரை இட்லி. தொண்டையில எறங்குனது தெரியும், அதுக்குள்ள அடிவயித்தைப் பெசஞ்சு, மஞ்ச மஞ்சளா…"

"அக்கா, அக்கா, போதும்க்கா," என்பார் தவசி, வாயில் வேப்பங்குச்சியோடு, "காலங்காத்தால."

அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். உடம்பில் என்ன நடந்ததோ அதைத்தானே சொல்ல முடியும். ஆனால் கேட்டவர்களுக்குச் சங்கடமாக இருந்தது, பிறகு பாவமாக இருந்தது. ஒருநாள் குழாயடியில் குருவம்மாள் எல்லாரிடமும் சொன்னாள்: "அதுகிட்டப் போயி சாப்பாட்டைப் பத்தி யாரும் கேக்காதீக. பாவம், மனசு நோகும்." எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நல்ல மனசோடுதான் ஒத்துக்கொண்டார்கள். தவசி மகனுக்குக் காது குத்து நடந்தபோது மயிலக்கா போய் நின்று, மொய் எழுதிவிட்டு, கை நனைக்காமல் திரும்பியதைப் பார்த்துத் தவசியின் மனைவிக்கு மனசு கேட்கவில்லை; அடுத்த விசேஷத்திலிருந்து, அந்தக் கஷ்டத்தை ஏன் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று, சொல்லாமலே விட்டுவிட்டார்கள்.

சாப்பிட்டாச்சா என்ற கேள்வியை எடுத்துவிட்டால் அடுத்து என்ன பேசுவது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் என்ன குழம்பு என்று கேட்பார்கள், குழம்பிலிருந்து மீன் விலைக்குப் போவார்கள், மீன் விலையிலிருந்து யாரோ ஒருவருடைய மருமகளுக்குப் போவார்கள், அங்கிருந்து பொழுது போகும். முதல் படியை உருவிவிட்டதால் ஏணியே இல்லாமல் போயிற்று. மயிலக்காவைப் பார்த்தால் சிரித்தார்கள். "தண்ணி நல்லா வருதுக்கா," என்றார்கள். அவர் கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லாமல் காய்கறி வாங்கி வாசலில் வைத்தார்கள், மாத்திரை வாங்கி ஜன்னலில் வைத்தார்கள். எதுவும் குறைவில்லை.

"மருவாதையாத்தான் வச்சிருந்தாக, சார்," என்றார் என்னிடம். "குத்தம் சொல்ல மாட்டேன்."

இதற்கிடையில் தவசி இன்னொன்றும் செய்திருந்தார். செக்கடித் தெருவுக்குத்தான் குழாயில் வருகிறதே என்று தண்ணீர் லாரியைக் கீழத்தெருவுக்கு மாற்றிவிட்டிருந்தார். அதுவும் நல்ல மனசோடுதான். கீழத்தெருவில் குழந்தைகள் அதிகம். ஆனால் அதற்குப் பிறகு மயிலக்கா ஒருநாள் வெளியூர் போனால் அன்று தெருவில் உலை இல்லை. போகக் கூடாது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. போகிறேன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஒரு கல்யாணம் இருந்தது, ஒரு சாவு இருந்தது, ஒரு வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மறுபரிசோதனைக்கு வருவது நின்றது.

அப்போதுதான் மேகலா போன் செய்தாள்.

"அம்மா, எனக்கும் கல்லு இருக்காம்மா."

மயிலக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். வாசலில் யாரோ குடத்தை மாற்றி வைக்கிற சத்தம்.

"எடுத்துரணும்னு சொல்றாங்க. விட்டா ஒருநா அடைச்சுக்கிட்டு உசுருக்கே ஆபத்தா முடியுமாம். நீ வாம்மா. எனக்குப் பயமா இருக்கு."

எடுக்காதே என்று சொல்ல முடியாது. எடுக்காமல் விட்டால் என்ன வலி என்று அவருக்குத் தெரியும். எடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. எடுத்த பிறகு என்ன என்பதும் தெரியும். "வர்றேன்," என்றார்.

தெரு கூடியது. தவசி வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"போகாதீகன்னு சொல்லலக்கா. பெத்த புள்ள. ஆனா எப்ப வருவீகன்னு ஒரு வார்த்தை."

"அது நடமாடுற வரைக்கும் இருக்கணும்ல தவசி."

"இருங்க, இருங்க. நல்லா இருந்துட்டு வாங்க. எப்ப வருவீக?"

கிளம்புவதற்கு முன்பு இருந்த நாளெல்லாம் தெரு சேமித்தது. குடம், அண்டா, வாளி, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில், இட்லிக் கொப்பரை, ஒரு வீட்டில் பழைய தொட்டில்கூட. பிறகு மயிலக்காவை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கூடையை ஒருத்தி தூக்கினாள், பையை ஒருத்தி, தலைக்கு மேல் குடை பிடித்தாள் குருவம்மாள், தவசி முன்னால் நடந்தார். கல்யாணப் பெண்ணைக்கூட அந்தத் தெருவில் அப்படி அனுப்பியதில்லை. பஸ் நகர்ந்தபோது பெண்கள் அழுதார்கள். "எனக்காகத்தான் அழுறாகன்னு நெனச்சேன் சார்," என்றார். "கொஞ்சம் எனக்காகவும் அழுதிருப்பாக." பாலம் தாண்டியதும் குழாய் நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

திருப்பூரில் மேகலாவுக்கு நல்லபடியாக முடிந்தது. அவள் வீட்டில் மயிலக்கா இருந்தவரை எந்தக் குழாயும் மூடவில்லை. சமையலறையில் ஒழுகியது, பாத்ரூமில் ஒழுகியது. மருமகன் வாஷரை மாற்றினார், குழாயையே மாற்றினார், புதுக் குழாயும் ஒழுகியது. மாடித் தொட்டி காலியாகிறது என்று வீட்டுச் சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டார். மயிலக்கா ஒவ்வொரு குழாய்க்கும் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு மகளுக்குப் பத்தியக் கஞ்சி காய்ச்சினார். எண்ணெய் ஆகாது, பார்த்துக்கொள், காலையில் வாய் கசக்கும், பயப்படாதே என்று, தான் இத்தனை வருடங்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். இனி இந்த உலகத்தில் தன்னைப்போல இன்னொருத்தி இருக்கிறாள், அதுவும் தன் வயிற்றில் பிறந்தவள். அதை நினைத்து அழுதார். அழுகைக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்று பெஞ்சைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தச் சந்தோஷத்துக்கு எந்தச் சாமி என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன் என்றும் சொன்னார்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் மருமகன் பரோட்டா வாங்கி வந்தார். மேகலா சால்னாவை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். மயிலக்கா பாத்ரூம் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"ஏம்மா அங்க நிக்கிற?"

"சும்மாத்தான்."

"எனக்கு ஒண்ணும் பண்ணலம்மா. நல்லாச் செரிக்குது. டாக்டரும் சொன்னாரு, பாதிப் பேருக்கு மேல ஒண்ணுமே ஆகாதாம். நீதான் எதையாச்சும் மனசுல போட்டு ஒழப்பிக்கிற."

"நல்லதுத்தா," என்றார் மயிலக்கா. முழு மனசோடுதான் சொன்னார். அன்றைக்கு ராத்திரியே ஊருக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டார். "அவுக செத்த அன்னைக்குக்கூட நான் அப்பிடி ஒத்தையா இருந்ததில்ல, சார்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. இத்தனை நாள் கழித்து வருகிறோம், மகளுக்கு ஆபரேஷன் முடிந்து வருகிறோம், தெருவில் யாராவது பழைய ஞாபகத்தில் வாய் தவறிக் கேட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு பதிலையும் தயார் செய்தார். வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத, கேட்பவருக்குச் சங்கடம் தராத பதில்: "வர்ற வழியில ரெண்டு இட்லி சாப்பிட்டேன்த்தா." ரெண்டு இட்லி பொய். ஆனால் அருப்புக்கோட்டை வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

பஸ் பாலத்தில் ஏறியபோதே குழாய் சொட்டத் தொடங்கிவிட்டது. அவர் இறங்கி, கூடையைத் தானே தூக்கிக்கொண்டு, தெருவுக்குள் நுழைந்தபோது தெருவே குழாயடியில் இருந்தது. நீலக் குடம் முதலா சிவப்புக் கயிறு முதலா என்று சண்டை. குருவம்மாள் குனிந்து குடத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தாள். தவசி எல்லாரையும் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். அத்தனை முதுகுகளுக்குப் பின்னால் மயிலக்கா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பூட்டைத் திறந்தார்.

"வந்துட்டேன்னு அவுகளுக்குத்தான் குழாயே சொல்லிருச்சே, சார்," என்றார் என்னிடம். "அப்பறம் என்னையத் திரும்பிப் பாக்க என்ன இருக்கு?"

"இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?" என்றேன்.

"அந்தப் பையைத் திரும்ப வைக்க முடியுமான்னு கேக்கத்தான். என்னோடது இல்லாட்டியும் பரவால்ல, யாருதாச்சும்."

டாக்டர் வந்தார், நர்ஸ் கூப்பிட்டாள், மயிலக்கா உள்ளே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் சிரிப்பது கேட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. வெளியே வந்தபோது கையில் ஒரு டப்பா இருந்தது.

"வைக்க முடியாதாம். ஆனா இத்தன வருசம் ஏன் சொல்லலன்னு திட்டுறாரு. எனக்கு இருக்கிறதுக்கு மருந்து இருக்காம். இந்தப் பொடியைத் தண்ணியில கரைச்சுச் சாப்பிட்டா, கண்டபடி எறங்குற பித்தநீரைப் பிடிச்சு வச்சுக்கிருமாம். சோறு திங்கலாம். ஒரு எடத்துல ஒக்காந்து, மனுச மக்களோட, அவசரமில்லாமச் சோறு திங்கலாம்." டப்பாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "இதைச் சாப்பிட்டா எனக்கு நிக்கும். எனக்கு நின்னா அங்கிட்டும் நின்னுருமே. லாரியையும் மாத்தி விட்டாக. சாப்பிடவா, வேணாமா, சார்?"

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வெளியே வந்தபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தெருவில் குடங்கள் காத்திருக்கும்.

கதை என்றுதான் முதலில் வைத்துக்கொண்டேன். தனியாக இருக்கிற ஒரு பெண், ஒழுகும் ஒரு குழாய், இரண்டையும் சேர்த்துக் கட்டிய மனம். பிழை திருத்துகிறவனுக்கு இது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் வருடங்கள் போகப் போக என் உடம்பு அவர் பக்கம் சாட்சி சொல்ல ஆரம்பித்தது. ஒன்றுமே ஆகாத அந்தப் பாதிப் பேரில் எனக்கும் இடம் கிடைக்கவில்லை. அச்சகத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற மேஜையிலிருந்து முதலில் ஓரத்துக்கு நகர்ந்தேன், பிறகு வெராந்தாவுக்கு, பிறகு யாரும் இல்லாத நேரத்துக்கு. கல்யாணங்களுக்குத் தாலி கட்டும்போது போய் இலை போடும்போது திரும்பினேன். வீட்டில் மனைவி சுகந்தி என் சோற்றைத் தனியாக வடித்து, மூடி வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறாள், நல்ல மனசோடுதான் நினைக்கிறாள். ஒரு சாயங்காலம், மூடிய தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, இந்த வீட்டில் என்னிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் காலம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. சமையலறையில் குழாய் சொட்டியது. எழுந்து போய் இறுக்கி மூடினேன். நின்றதா என்று திரும்பிப் பார்க்காமல் விளக்கை அணைத்தேன்.

போன மாசி மாதம் பஸ் ஏறினேன். கேட்க வேண்டியதைக் கேட்டு, பொய்யா மெய்யா என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவது. பாலம் இருந்தது. செக்கடித் தெரு இருந்தது. குழாய் இருந்தது, அதன் கீழே குடங்கள் வரிசையாக இருந்தன, ஆள் இல்லை. நூல்போல வந்துகொண்டிருந்தது. அப்படியானால் அவர் அந்தப் பொடியைச் சாப்பிடவில்லை என்றாகிறது. அல்லது அது வெறும் ஒழுகுகிற குழாய் என்றாகிறது. நம் ஊரில் ஒழுகுகிற குழாயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கை ஏந்திக் குடித்துப் பார்த்தேன். கசந்தது. ஆனால் என் வாய் எட்டு வருடங்களாகவே கசக்கிற வாய். அந்தக் கசப்பு தண்ணீருடையதா என்னுடையதா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. குடங்களின் வரிசை கலையாமல் தாண்டி, திறந்திருந்த கதவைத் தட்டினேன்.

மயிலக்கா ரொம்ப மெலிந்திருந்தார். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை. "தண்ணிக்கா வந்தீங்க? கொடத்தை வரிசையில வச்சுட்டுப் போங்க," என்றார். அவருக்குப் பின்னால், சுவரலமாரியில், அந்தப் பொடி டப்பா இருந்தது. மூடியிருந்தது. திறந்து மூடியதா, திறக்காமலே இருந்ததா, அங்கிருந்து தெரியவில்லை.

"ஆஸ்பத்திரி பெஞ்சில பார்த்தோமேம்மா," என்றேன். "எனக்கும் பை இல்லை."

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. நான் வழி நெடுக மனசுக்குள் செதுக்கிக் கொண்டுவந்த கேள்வி ஒன்றுதான்: அந்தப் பொடியை அப்புறம் சாப்பிட்டீங்களா? அதற்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் என் சந்தேகம் தீர்ந்துவிடும். வாயைத் திறந்தேன். அந்தப் பொடியை அப்புறம் என்ற பாதி தொண்டையிலேயே தங்கிவிட்டது. மீதிப் பாதி மட்டும் வெளியே வந்தது.

"சாப்பிட்டீங்களா?"